ஒரு கணுகூடக் கிடையாது

"அம்மா, நான் உங்க வூட்டுல திருடிட்டேங்க."

வாசலில் நின்று தனகோட்டி இதைச் சொன்னபோது கையிலிருந்த பாட்டிலை மார்போடு அணைத்ததில் தண்ணீர் சட்டையில் தளும்பியது. பாட்டிலிலிருந்து கிளம்பிய கொடி அவன் தோளை இரண்டு சுற்றுச் சுற்றி முதுகில் தொங்கியது. பச்சை இலைகளில் மஞ்சள் தீற்றல்.

தமயந்தியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "முதல்ல உள்ள வாப்பா. யாரு நீ?"

"தனகோட்டிங்க, வடக்குத்து கிராமம். எட்டு மாசம் முந்தி மைன்ஸ் காண்ட்ராக்ட்டுல வெள்ளையடிக்க வந்தேனே."

கூடத்தில் அந்தத் தாய்க்கொடி அப்படியே இருந்தது. ஜன்னலோரப் பாட்டிலில் வேர் விட்டு, நூலைப் பிடித்து ஏறி, நாலு சுவரையும் சுற்றி வந்திருந்தது. மண் இல்லை, வெயில் இல்லை, வெறும் தண்ணீரில் வீட்டுக்குள்ளேயே படரும் கொடியை அவன் முதன்முதலில் கண்டது இங்கேதான். அன்று ஆசை தாங்காமல் ஒரு துண்டு கேட்டான்.

"ஒரு கணுகூடக் கிடையாது. இன்னொரு தரம் கேக்காதே" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டு அந்தம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். ஏணிக்குப் பக்கத்தில் முக்காலி மேல் ஒரு கத்தரிக்கோல். சுண்ணாம்புக் கை தானாக நீண்டது. ஒரு கணுவை நறுக்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான். அன்றிலிருந்து எந்த வீட்டில் பாத்திரம் உருண்டாலும் அவன் கை வேட்டி மடிப்பைத் தொட்டுப் பார்க்கும்.

"மருந்து பாட்டில்ல போட்டு வச்சேங்க. நாலு நாளைக்கு ஒருதரம் தண்ணி மாத்துவேன். நிலக்கரித் தூசு படிஞ்சா எம் பொஞ்சாதி ஆதிலட்சுமி ஒவ்வொரு இலையா ஈரத்துணியால தொடச்சிகினு இருப்பா. எம் மூஞ்சியக்கூட அப்பிடித் தொடச்சதில்லைங்க."

தமயந்தியம்மாள் சிரிக்கவில்லை. "ம், சொல்லு."

"மூணாவது இலை விட்டப்ப மைன்ஸ்ல என்னைப் பெர்மனென்ட் ஆக்கினாங்க. ஏழாவது இலைக்குக் குவார்ட்டர்ஸ் கெடச்சுது. இப்ப அவ அஞ்சு மாசம் முழுகாம இருக்கா. கல்யாணமாகிப் பதினோரு வருசம் கழிச்சுங்க. எல்லாம் உங்க வூட்டுக் கொடி வந்த நேரம்."

"நல்ல சேதிதானே. அதுக்கு ஏன் இப்படி வெளிறிப்போய் நிக்கே?"

"நேத்துதான் அவகிட்ட உண்மையச் சொன்னேன். திருட்டுப் பொருளு இருந்தா வவுத்துப் புள்ளைக்கு ஆவாதுன்னு சோறு தண்ணி தொடலை. குடுத்துட்டு வான்னு அனுப்பிட்டா. உங்க வூட்டு ஆபீசர் ஐயாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. திருடன்னு ஆபீசுல தெரிஞ்சா பெர்மனென்ட் போயிடும்."

அவன் கொடியைத் தோளிலிருந்து மெதுவாகப் பிரித்தான். ஒரு இலையும் கசங்கிவிடக் கூடாதே என்று, தூங்கும் பிள்ளையை இறக்குவதுபோல் முக்காலி மேல் வைத்தான்.

தமயந்தியம்மாள் குனிந்து ஒரு இலையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் தூசு ஒட்டவில்லை.

"என் கொடியவிட இது கொழுகொழுன்னு இருக்கு. எடுத்துட்டுப் போ. ஐயாகிட்ட ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தனகோட்டி இரண்டு கையையும் கூப்பினான். "உங்க புண்ணியத்தை மறக்கமாட்டேங்க. இனிமே இது நீங்க குடுத்த கொடின்னு அவகிட்ட சொல்லிடறேன்."

"ஐயையோ, அதை மட்டும் சொல்லிராதே" என்று பதறினாள் தமயந்தியம்மாள். "கேட்டு வாங்கினா இந்தக் கொடி வாடிரும். திருடி வச்சாத்தான் தழைக்கும். நானே இதை மைன்ஸ் மெஷின் மாட்ட வந்த ஜெர்மன்காரர் வீட்டுல கிள்ளிட்டு வந்தவதான்."

தனகோட்டி சுவரைச் சுற்றிய தாய்க்கொடியை நிமிர்ந்து பார்த்தான்.

"பின்னே, அன்னைக்கு முக்காலியில கத்தரிக்கோலை வச்சுட்டு, பத்த வைக்காத அடுப்புக்கு முன்னால அரைமணி நேரம் வெறும் பாத்திரத்தை எதுக்கு உருட்டிக்கிட்டு இருந்தேன்னு நினைக்கே?"