பிட்சில் விட்ட புல்

“ஏய் ஆல்வின்! பிட்ச் போடச் சொன்னா, ஆடு மேய்க்கப் புல் வளர்த்து வெச்சிருக்கியே!”

கேலரியிலிருந்து ஒருவன் கத்த, பிரிட்ஜ்டவுன் மைதானமே சிரித்தது.

மெர்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டு வாங்குகிற பிட்ச் பராமரிப்பாளர் அவள் புருஷன். ரன் எடுக்காமலே அவுட்டாகித் தலை குனிந்து போகிறவன் அவள் மகன் டாரியன்.

வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் அணியில் அவனுக்கு இங்கிலாந்துக்கு எதிரான இந்த ஆட்டம்தான் கடைசி வாய்ப்பு. இதிலும் சொதப்பினால் வீட்டுக்குத்தான் என்று ரேடியோவில் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“ஒட்ட வெட்டியிருந்தா பந்து இப்படி மூஞ்சிக்கு எகிறுமா? பெத்த அப்பனே குழி தோண்டிட்டாரே!” என்று பக்கத்துவீட்டு யூடோராவிடம் பொருமினாள் மெர்லின்.

“பிள்ளை வேற, வேலை வேறன்னு நினைச்சிருப்பார்டி.”

“உனக்கென்ன, உன் பையன் பேங்க்ல உட்கார்ந்திருக்கான்!”

மடமடவென்று மற்ற விக்கெட்டுகளும் சரிந்தன. உணவு இடைவேளைக்குள் மொத்த அணியும் காலி.

பசியோடு படியேறி வந்தார் ஆல்வின்.

“மெர்லின், என் சாப்பாடு?”

சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனியும் பொரித்த பறக்கும் மீனும் இருந்த டப்பாவை அப்படியே யூடோராவின் மடியில் வைத்தாள் மெர்லின்.

“போய் அந்தப் புல்லையே மேயுங்க.”

அவர் வாயைத் திறந்தார். ஏனோ மூடிக்கொண்டார். வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

மத்தியானம் இங்கிலாந்து ஆட வந்தது. நம் பையன்கள் வேலியோரத்திலிருந்து ஓடி வந்து போட்ட பந்துகள், அதே புல்லில் விழுந்து சீறின. ஒரு ஸ்டம்ப் கரணம் அடித்துக்கொண்டு போய் விழுந்தது. சங்கு ஊதினார்கள், மேளம் அடித்தார்கள். தேநீர் இடைவேளை வரை கூட இங்கிலாந்துக்காரர்கள் தாங்கவில்லை.

“ஆல்வின் அண்ணே! அந்தக் கையைக் குடு, முத்தம் வைக்கணும்!” என்றான் காலையில் கத்திய அதே ஆள்.

மூன்றாம் நாளே ஆட்டம் முடிந்தது. வெஸ்ட் இண்டீஸ் வெற்றி! இரண்டாவது தடவையும் டாரியன் சொற்ப ரன்னில் அவுட்.

ஊரே ஆல்வினைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்ற, தன்னைத் தேடி வந்த மகனைப் பார்த்ததும் மெர்லினுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“உன் பொழைப்பைக் கெடுத்துட்டு உங்கப்பா பேர் வாங்கிட்டார் பாருடா!”

“அப்பாவைத் திட்டாதம்மா. அவர் எனக்காகப் புல்லை ஒட்ட மழிக்கத்தான் மெஷினைத் தள்ளிட்டு வந்தார். நான்தான் குறுக்க நின்னு மறிச்சேன்.”

“நீயா?”

“உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன். சொன்னா புல்லை வெட்ட நீயே அரிவாளோட போயிருப்பே.”

“அந்தப் புல்லுல நீ அவுட்டாவேன்னு தெரியாதாடா உனக்கு?”

டாரியன் சிரித்தான்.

“தெரியும்மா. அவங்க அத்தனை பேரும் அவுட்டாவாங்கன்னும் தெரியும்.”