முந்திரிப் புகை

2043 மார்ச் 9, பண்ருட்டி. பீடியை விட முயலும் ஏழைகளுக்கு உதவி எண்ணிலிருந்து தினமும் காலையில் அழைப்பு வருகிறது. தொலைபேசியில் ஊதிக் காட்டும் மூச்சு சுத்தமாக இருந்தால், தெருமுனைப் பெட்டி பீடி ஆசையை அடக்கும் அன்றைய மாத்திரையைத் தரும்.

கொளஞ்சி வேலை செய்யும் முந்திரிக் கொட்டகை மூடியிருந்த வரை அவனுக்கு மாத்திரை தவறாமல் கிடைத்தது. நேற்று வறுவல் வேலை தொடங்கியது. இன்று ஊதினான்.

"ஐயா, நீங்கள் மீண்டும் புகைத்திருக்கிறீர்கள்" என்றது உதவி எண்ணின் இயந்திரக் குரல்.

"அது கொட்டை வறுத்த புகைம்மா. மாத்திரை இல்லன்னா இன்னைக்கு நான் பீடி குடிச்சிருவேன்."

"மறைக்கத் தோன்றுவது இயல்புதான் ஐயா. மனம் தளராதீர்கள்."

அதே கொட்டகையில் வேலை செய்யும் அவன் மனைவி செவ்வந்தி தொலைபேசியைப் பிடுங்கினாள்.

"இந்தா, நான் ஊதறேன் பாரு! பீடிய எந்தப் பக்கம் பத்த வைக்கணும்னுகூட எனக்குத் தெரியாது. என் மூச்சுலயும் அதே புகைதான் வரும்."

ஊதினாள்.

"பீடியை விடத் தயங்காமல் முன்வந்ததற்கு நன்றி அம்மா" என்றது குரல்.

பெட்டி திறக்கவில்லை. சாயங்காலம் கொளஞ்சி ஒரு கட்டு பீடி வாங்கினான். மறுநாள் காலையில் அந்த வீட்டுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன.