கடைக்குப் போகாத வீடு

நெடுங்காட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்தில், நீலாயதாட்சியின் கொல்லைத் தோட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள் வேளாண் அலுவலர் பிரதீபா.

"கீரை, காய், கோழின்னு எல்லாமே இருக்கே. கடைக்கே போறதில்லையாம்மா?"

"ரெண்டு வருஷமா போகலைங்க."

"ஊரே உங்களைப் பார்த்துக் கத்துக்கணும்."

நீலாயதாட்சி ஒரு பை நிறையக் கத்தரிக்காய் கொடுத்தாள்.

பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் பிரதீபாவின் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"யார் கொடுத்தாங்க?"

"நீலாயதாட்சி அம்மா."

டீயை நீட்டிய கை பின்வாங்கியது.

"அவங்க பொண்ணு வேற சாதியில கட்டிக்கிச்சு. ஊர்ல தள்ளி வச்சிருக்காங்க. அந்த வீட்டுக்கு யாரும் எதுவும் விக்கக் கூடாது, பேசவும் கூடாது."

"பாவமா இல்லையா உங்களுக்கு?"

அவர் டீயைக் கீழே கொட்டினார்.

"அவங்க எங்கூடப் பொறந்த அக்காதாங்க. பேசினா என்னையும் தள்ளி வச்சிடுவாங்க."