காலிப் பெட்டிக்கு எலி

"செத்த பாம்புக்கு எலி குடுக்குறீங்களாமே அக்கா. திங்கலன்னா இன்னும் கொஞ்சம் சூடாக்கிப் பாருங்க," என்றான் ராடெக். ப்ர்னோ நகரத்துப் பீர்க்கடையில் பாம்பு வளர்ப்பவர்களின் மேசையே சிரித்தது.

"என் பெட்டி, என் எலி. உனக்கு எங்க வலிக்குது?" என்றாள் ஹெட்விகா. செத்துப்போன தன் மலைப்பாம்பைத் தோட்டத்தில் புதைத்தவளே அவள்தான். அது இருந்த கண்ணாடிப் பெட்டியை மட்டும் விற்கமாட்டேன் என்றுவிட்டாள்; சனிக்கிழமைதோறும் அதற்குள் எலி நீட்டுவதையும் விடவில்லை.

அந்தச் சனிக்கிழமையும், பாம்புத் தீனியாக உறையவைத்து விற்கும் எலி ஒன்றை வெந்நீரில் போட்டு இளக்கினாள். வீம்புக்கு இன்னும் கொஞ்சம் சூடாக்கினாள். இடுக்கியில் பிடித்துக் காலிப் பெட்டிக்குள் நீட்டி ஆட்டினாள்.

எலியோடு சேர்த்து இடுக்கியையும் உள்ளே ஏதோ இழுத்தது.

ஹெட்விகா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எலி உனக்கு. இடுக்கி எனக்கு. விடு."

இழுப்பு நின்றது. இடுக்கியைத் தளர்த்தினாள். எலி அந்தரத்தில், தலையிலிருந்து மெல்ல மறைந்துகொண்டே வந்தது. கடைசியாக வால் போனது.