ஆளில்லாத குடியிருப்பு

சிதம்பரம் புகைப்படக் கண்காட்சியில் என் மச்சான் பாலகுமாருக்கு முதல் பரிசு. கடலூரில் கைவிடப்பட்ட பழைய ரயில்வே குவார்ட்டர்ஸைப் படம் எடுத்திருந்தான்.

என் பெண்டாட்டி அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றாள். "அந்த எடத்தையே எந்தம்பி எப்புடி அழகாக்கிட்டான் பாருங்க."

தினமும் மூட்டை தூக்கிவிட்டு வரும் என்னை அவள் ஒருநாளும் இப்படி மெச்சியதில்லை. வயிறு எரிந்தது.

பரிசு கொடுக்க வந்திருந்த ரயில்வே அதிகாரியிடம் நேராகப் போனேன்.

"ஐயா, இந்தப் படம் பொய். வானத்துக்குக் கம்ப்யூட்டர்ல கலர் ஏத்தியிருக்கான். கொடியில காஞ்ச சேலை, வாசல்ல இருந்த அடுப்பு, எல்லாத்தையும் அழிச்சிட்டான்."

பாலகுமார் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "மாமா, பேசாம வாங்க."

உதறப் பார்த்தேன்; அவன் விடவில்லை. பயந்துவிட்டான் என்று உள்ளுக்குள் சந்தோஷம்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கதான் பத்து வருஷமா யாரும் இல்லியே. அடுப்பு இருந்தது உனக்கு எப்புடித் தெரியும்?"

"நாங்க குடியிருக்கிற வூடு, எனக்குத் தெரியாதுங்களா?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். "எத்தனாம் நம்பர் வீடு?"

பாலகுமார் என் கையை விட்டான். "இதுக்குத்தான் மாமா அதையெல்லாம் அழிச்சேன்."