வெண்ணெய் மணம்

முதல் மிடறிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வெண்ணெய்.

சினிமாக் கொட்டகை வாசலில் விற்கும் சோளப்பொரியின் மணம். இந்தப் பீரில் வரவே கூடாத மணம்.

கிளாஸை யன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தினாள். நிறத்தில் பழுதில்லை. பால் விடாத நல்ல பிளேன்டீயின் சிவப்பு. நுரை உடையாமல் நின்றது. வறுத்த பார்லி மால்ட்டின் இனிப்பும் அடியில் இருந்தது, சுட்ட பாண் துண்டின் முறுகிய ஓரத்தைக் கடித்ததுபோல.

அதற்கு மேலே, எண்ணெய் படர்ந்ததுபோல், வெண்ணெய்.

“எப்பிடி நளா? உண்மையச் சொல்லும்.”

பகீரதன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

நளாயினி இன்னொரு மிடறு குடித்தாள்.

வசந்தத்தில்தான் அவன் கார்த் தொழிற்சாலை வேலையை விட்டான். கனடாவுக்கு வந்த நாள் முதல் பார்த்த வேலை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டிலைத் துப்புரவாக்கிப் பீர் காய்ச்சும் தாங்கிகளைப் பொருத்தினான். பொழுதுபோக்காகக் காய்ச்சியதை இனித் தொழிலாகக் காய்ச்சுவதென்று முடிவு. இலையுதிர் காலத்துக்கென்று இறக்கிய இந்த மால்ட் பீர்தான் முதல் விற்பனை. இந்த ஊரில் மதுச்சாலை நடத்தும் ஹெலன் ருசி பார்க்க வந்துகொண்டிருக்கிறாள். அவளுக்குப் பிடித்தால் பனி கொட்டும்வரை அவள் கடையில் இதுதான் ஓடும்.

ஆனால் நளாயினியை உறுத்தியது ஹெலனின் வருகை அல்ல.

“நீங்கள் குடிச்சுப் பாத்தனீங்களா?”

“காலமையே பாத்தனான். இந்த முறைதான் சரியா வந்திருக்கு.”

சட்டென்று சொன்னான். முதலே யோசித்து வைத்திருந்தவன்போல.

இந்தக் குறையை அவளுக்குக் காட்டித் தந்ததே அவன்தான். போன வருஷம், அவள் எவ்வளவு முகர்ந்தும் பிடிபடாத ஒரு வாடைக்காக ஒரு முழுப் பீப்பாயை மண்ணில் ஊற்றினான். அவ்வளவு கூர்மையான மூக்கு.

இன்று அது எங்கே போனது?

அப்போதுதான் கருகல் மணத்தது.

ஹெலனுக்கென்று கொட்டில் மூலை மின்னடுப்பில் வைத்திருந்த பாண். அவன் அந்த அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றான்.

அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

திரும்புங்கோ. மனதுக்குள் கெஞ்சினாள். ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ.

அவன் கிளாஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையில் வைத்தான். கருகல் தொண்டையை அறுத்தது. மெல்லிய புகை அவன் தோளருகே எழும்பியது. அதைக் கண்ட பிறகுதான் துள்ளினான்.

“ஐயோ, பாண்!”

தட்டை இழுத்தெடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். வேலியோரம் கொட்டினான். தட்டை அங்கேயே புல்லில் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான்.

நளாயினி வாசலில் நின்று பார்த்தாள்.

வலது கை வீசியது.

இடது கை வீசவில்லை. உடம்போடு ஒட்டி, வேறு யாருடையதோபோல் தொங்கியது.

எப்போதிலிருந்து? ஒரே வீட்டில் இருந்தும் அவள் கவனிக்கவில்லை.

அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இப்படி நடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி, கணவருக்குச் சூப் ஊட்டிக்கொண்டே ஒருநாள் சொன்னாள். கை நடுக்கம் எல்லாம் பிறகுதானாம். முதலில் மணம்தான் போனதாம். பார்க்கின்சன் என்று டாக்டர் பெயர் சொன்னபோது வருஷங்கள் ஓடியிருந்தனவாம்.

நளாயினி அன்று தலையாட்டிவிட்டுக் கட்டில் விரிப்பை மாற்றப் போய்விட்டாள்.

மணம் போவதற்கு எத்தனையோ காரணம் இருக்கும். இப்போது அதைத் தனக்குத்தானே சொன்னாள். திரும்பவும் சொன்னாள்.

பகீரதன் உள்ளே வந்தான். தன் கிளாஸை எடுத்தான். மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மெல்ல மேசையில் வைத்தான்.

“நளா.”

“ம்.”

“கோடையில இருந்து எனக்கு ஒரு மணமும் தெரியேல்லை.”

அவள் தன் கிளாஸைக் கீழே வைத்தாள்.

“இனிப்புத் தெரியுது. கசப்புத் தெரியுது. மிச்சமெல்லாம் வெறுமை. கண்ணாலதான் இதைக் காய்ச்சினனான். வேலையும் விட்டிட்டு நிக்கிறன், உமக்கு எப்பிடிச் சொல்லுறது?”

சொல்லி முடித்ததும் அவன் தோள்கள் இறங்கின. மாதக் கணக்காகச் சுமந்த மூட்டையை இறக்கியவன்போல் மூச்சு விட்டான்.

“தடிமன் வந்து மூக்கடைப்பு மாறாமக் கிடக்குதாக்கும். என்ன?”

பீரைப் பற்றி மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

“வெண்ணெய் மணக்குது.”

ஒரு கணம் முகம் வாடினான். பிறகு, ஆச்சரியம், சிரித்தான்.

“அவ்வளவுதானே? கொஞ்ச நாள் சூட்டில விட்டா அது போயிடும். ஹெலனிட்டத் தவணை கேப்பம். இனி நீர்தான் எனக்கு மூக்கு.”

தாங்கியின் சூட்டைக் கூட்டினான். நிறுத்திப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் கூட்டினான். திருத்தக்கூடிய ஒரு பிழை கிடைத்த சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது.

“வேற குறை ஒண்டும் இல்லைத்தானே?”

பீரைத்தான் கேட்டான்.

முற்றத்துச் சருகுகளை நெரித்துக்கொண்டு ஹெலனின் கார் வந்து நின்றது.

“ஹெலன் போகட்டும்,” என்றாள் நளாயினி. “பிறகு கதைப்பம்.”

அவனுக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ. அதற்குள் வெளியே போய்விட்டான்.

காரடியில் அவன் ஏதோ சொல்லி உரக்கச் சிரிப்பது கேட்டது. அப்படி அவன் சிரித்துக் கனகாலம்.