கொடுப்பனவை நிறுத்தக் கோருதல்

"என் கொடுப்பனவ நிப்பாட்டிருங்க சேர். இன்னைக்கே செஞ்சு குடுத்தீங்கன்னா பெரிய உதவியா இருக்கும்."

மாத்தளையில் அந்தக் கல்வி அலுவலகத்தின் கொடுப்பனவுப் பிரிவுக்கு வந்து இப்படி ஒருவர் கேட்டதை ஸக்கரியா கண்டதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டு வருவார்கள். வந்தது ஏன் குறைந்தது என்று கேட்டு வருவார்கள். அடுத்த பாடசாலைக்காரருக்கு வந்துவிட்டதே என்று வயிறெரிந்தும் வருவார்கள். நிப்பாட்டச் சொல்லி வந்தவர் இவர்தான்.

வந்தவர் பெயர் நிரோஜா. எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, டவுன் பாடசாலை ஒன்றில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து பயிற்றுவிப்பவர். ஸக்கரியாவின் மகள் ஜெஸ்லாவும் அந்த அணியில்தான் ஆடுகிறாள். சனிக்கிழமை கண்டியில் மாகாணப் போட்டி. ஜெஸ்லா வீட்டுக்குள்ளும் பந்தும் கையுமாகத் திரிந்ததில் சுவர்க் கடிகாரம் ஒன்றும், மீன் ஆணத்தோடு சேர்த்து ஒரு சட்டியும் போய்விட்டன.

"என்னத்துக்கு மிஸ் நிப்பாட்டணும்? வேலைய விட்டுட்டுப் போகப் போறீங்களா?"

"நிப்பாட்டினா இருப்பேன் சேர். நிப்பாட்டலன்னாதான் போயிருவேன். தம்புள்ளையில மரக்கறிக் கடையில பில் போட ஆள் கேக்குறாங்க. நாளைக்கே வரச் சொல்லியிருக்காங்க."

பயிற்றுவிப்பாளர் இல்லாத அணியை மைதானத்துக்குள் விடமாட்டார்கள். அந்த விதி ஸக்கரியாவுக்குத் தெரியும். காசு தந்தால் போய்விடுவேன், தராவிட்டால் இருப்பேன் என்று நிற்பவருக்கு எந்த விதி என்றுதான் தெரியவில்லை.

ஸக்கரியா இந்த மேசைக்கு வந்து இரண்டாவது வருடம் நடக்கிறது. பயிற்றுவிப்பாளர் கொடுப்பனவு பற்றிய விதிகள் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பயிற்சி நடந்ததற்குப் பாடசாலை அதிபர் கையொப்பம் வைக்க வேண்டும். பயிற்சி நடப்பதோ பாடசாலை விட்ட பிறகு. பாடசாலை விட்டால் அதிபர் வீட்டுக்குப் போய்விடுவார். அதிபர் இருக்கும் நேரத்தில் பயிற்சி வைத்தால் அது பாடநேரம். பாடநேரத்துக்கு வெளியாள் ஒருவருக்குக் காசு கொடுக்கக்கூடாது. இதையெல்லாம் தாண்டி அனுமதி கிடைத்துவிட்டால், காசைப் போடுவது கண்டியிலுள்ள வேறொரு அலுவலகம். ஸக்கரியாவின் கையில் இருப்பது இரண்டே கடிதங்கள். ஒன்று, தொடங்கவும். மற்றது, நிறுத்தவும்.

நிரோஜாவின் பெயருக்குத் தொடங்கவும் என்ற கடிதம் எப்போதோ போயிருந்தது. அப்படிப் போனதை ஏன் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று அவர் தனக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார். வருமானம் இருக்கிறதென்று வீட்டுக்கு அரசாங்கம் தரும் அஸ்வெசும உதவியை வெட்டிவிட்டார்களா? இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது சொல்கிறார்களா? மாப்பிள்ளையே இல்லை. அதிபரோடு கொழுவலா? அதிபரைக் கண்டால்தானே கொழுவுவதற்கு.

அடுத்த மேசை றம்லா ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே பேசினார். "இவ்வளவு காலத்துல ஒரு ஆள் சல்லி வாணாங்குது. அதுக்கும் ஏன் ஸக்கரியா நானா இழுத்தடிக்கிறீங்க?"

"இழுத்தடிக்கல்ல தங்கச்சி. வெளங்கல்ல."

"வெளங்கித்தான் எழுதணும்டா நாம இங்க ஒரு கடிதமும் எழுதியிருக்க மாட்டோமே."

அதில் நியாயம் இருப்பதாக ஸக்கரியாவுக்குப் பட்டது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. மகளுக்காக ஓர் ஏழைப் பிள்ளையின் வருமானத்தை வெட்டியவன் என்ற பெயர் எதற்கு? அவசரப்பட வேண்டாம், போட்டி முடிந்து திங்கட்கிழமை வாருங்கள் என்று தணிவாகச் சொல்லிப் பார்த்தார். திங்கட்கிழமை தம்புள்ளையில் வெங்காயத்துக்குப் பில் போட்டுக்கொண்டிருப்பேன் என்றார் நிரோஜா. ஜெஸ்லாவின் முகம் கண்ணுக்குள் வந்து போனது. மிச்சமிருக்கும் சட்டிகளும்தான்.

அவர் தாளை எடுத்தார். மேற்படி பயிற்றுவிப்பாளரின் சொந்த வேண்டுகோளின் பேரில் அவரது கொடுப்பனவை இன்று முதல் நிறுத்தவும் என்று எழுதி, மேலதிகாரியிடம் கையொப்பம் வாங்கி, முத்திரை குத்தி, ஒரு பிரதியை நிரோஜாவிடம் நீட்டினார். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"இனிமே எங்கேயும் போகமாட்டேன் சேர். சனிக்கிழமை பிள்ளைங்களோட நான் இருப்பேன்."

"சரி மிஸ். கடிதமும் ஒங்கட கையில. இப்பயாவது காரணத்தச் செல்லுங்க. கெடைக்கிற காசு என்னத்துக்கு வாணாம்?"

"யாரு சேர் வேணாம்னு சொன்னா?" நிரோஜா கடிதத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். "கண்டியில போய்க் கேட்டேன். நிப்பாட்டின கொடுப்பனவுக்குத்தான் முறைப்பாடு எடுப்பாங்களாம், எடுத்த அன்னைக்கே பாக்கியெல்லாம் போடுவாங்களாம். தொடங்காத கொடுப்பனவுக்கு முறைப்பாடு எடுக்க விதியில்லையாம். எனக்கு மூணு வருஷமா ஒரு சல்லியும் வரல. மொதல்லயே சொல்லியிருந்தா, வராதத எப்படி நிப்பாட்டுறதுன்னு நீங்க கேட்டிருப்பீங்க."

ஸக்கரியா இன்னொரு தாளை இழுத்து வைத்து, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த தன்னை இந்த மேசைக்கு மாற்றிய நாளிலிருந்து தரவேண்டியும் இன்னும் வராத மேலதிகக் கொடுப்பனவை உடனடியாக நிறுத்துமாறு பணிவுடன் எழுதத் தொடங்கினார்.